சிறு படகின் தளத்துக்கு அலுமினியம்: காசு கரையாமல் தேடி வாங்குவது எப்படி?

படகுக்குத் தளம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தகட்டு விலையைத்தான் விசாரிக்கிறார்கள். விலையைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. பிறகு எங்கோ மலிவாகக் கிடைத்த தகட்டைத் தூக்கி வந்து, அதைப் படகுக்குள் எப்படியாவது நுழைக்கப் பார்க்கிறார்கள். பாதித் தகடு வீணாகும், மீதி காலடியில் நெளியும்.

மலிவான அலுமினியம் என்பது எப்போதும் யாரோ ஒருவருடைய மிச்சம். மிச்சத்தை வாங்க வேண்டுமானால், நமக்கு எது கட்டாயம், எதில் விட்டுக்கொடுக்கலாம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். கடைக்குப் போவதே எட்டாவது படியில்தான் வருகிறது.

இங்கே பேசுவது 4 முதல் 5 மீட்டர் நீளமுள்ள திறந்த படகில், நின்று தூண்டில் போடவும் சாமான் வைக்கவும் தட்டையான தளம் அமைப்பதைப் பற்றி. படகின் அடிப்பகுதியில் ஓட்டை அடைப்பது வேறு வேலை. அதற்குச் சான்றுள்ள புதுத் தகடுதான் வேண்டும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, பெரிய அட்டைப் பெட்டிகள் சில, கத்தரி, மார்க்கர், வெர்னியர் காலிப்பர், சின்னக் காந்தம், கையில் தூக்கி நிறுக்கும் தராசு, ஒரு நோட்டு. இவற்றில் வெர்னியரையும் தராசையும்தான் பலர் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பழைய உலோகம் விற்பவரிடம் போகும்போது இவை இரண்டும் இல்லையென்றால், அவர் சொல்வதை அப்படியே நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

2. படகு எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள்

படகின் உள்பக்கத்தில் அதிகபட்ச எடையைக் குறித்த கொள்ளளவுத் தகடு ஒட்டியிருந்தால், அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தளத்தின் எடை, அதைத் தாங்கும் சட்டங்களின் எடை இரண்டும் அந்தக் கணக்கிலிருந்து கழியும். 20 கிலோ தளம் போட்டால் 20 கிலோ சாமானோ மீனோ குறையும்.

எடையை விட உயரம் ஆபத்தானது. இருக்கை மட்டத்தில் தளம் போட்டு அதன்மேல் ஆள் நின்றால், படகின் கனத்தின் மையம் மேலே ஏறுகிறது. அதுவரை ஆடாத படகு திடீரென்று தள்ளாடும். தளத்தை எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். முடிவெடுக்கும் முன், தளம் வரப்போகும் உயரத்தில் தற்காலிகமாகப் பலகை போட்டு, ஆழம் குறைந்த தண்ணீரில் மிதவை அங்கி அணிந்து நின்று பாருங்கள்.

இருக்கும் குறுக்கு இருக்கைகளை இடம் கிடைக்கும் என்று அறுத்தெடுக்காதீர்கள். இரு பக்கச் சுவர்களையும் விரியாமல் பிடித்திருப்பவை அவைதான். பல படகுகளில் மிதப்புக்கான நுரையும் அவற்றுக்குள்தான் இருக்கிறது. எடுத்தே ஆக வேண்டுமென்றால், அதே வலுவையும் அதே அளவு நுரையையும் வேறு இடத்தில் திருப்பித் தர வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் இருக்கை இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் தோன்றும்.

3. அட்டையில் வெட்டிப் பாருங்கள்

படகில் நேர்கோடு என்று எதுவும் இல்லை. நாடாவால் மட்டும் அளந்து வரைந்தால் எங்காவது ஒரு விரல் இடைவெளி நிற்கும். அட்டையைப் படகுக்குள் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, சுவரோடு ஒட்டி உட்கார வைத்து, அதன்மேல் ‘முன்’, ‘பின்’, ‘மேல்பக்கம்’ என்று எழுதிவிடுங்கள். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி அட்டை வேண்டும். பட்டறையிலிருந்து வந்த படகாகவே இருந்தாலும் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை.

காசு மிச்சமாவது அடுத்த வேலையில்தான். முழுத் தளத்தையும் ஒரே தகட்டில் போட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரியுங்கள். இணையும் கோடு கண்டிப்பாக ஒரு தாங்கு சட்டத்தின் மேல் விழ வேண்டும். பெரிய துண்டின் அளவு 60 × 120 செ.மீக்குள் அடங்கிவிட்டால், பட்டறைகளில் மூலையில் சாய்த்து வைத்திருக்கும் மிச்சத் துண்டுகளே போதும். ஒரே தகடாக 120 × 150 செ.மீ வேண்டுமென்றால் முழு ஷீட்டை வாங்குவதுதான் வழி. துண்டு துண்டாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. கீழே தேங்கும் தண்ணீரையும் வயர்களையும் பார்க்க ஒரு துண்டை மட்டும் கழற்றினால் போதும்.

நோட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், அகலம், எந்தச் சட்டத்தின் மேல் உட்காரும் என்று எழுதுங்கள். தாங்கு சட்டத்துக்கான ஆங்கிள் (‘எல்’ வடிவப் பட்டை), சேனல் (‘யூ’ வடிவப் பட்டை) எத்தனை மீட்டர் என்பதையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

4. தடிமனும் தாங்கு சட்டங்களும்

புதியவர்கள் அதிகம் செலவழித்துக் குறைவாகப் பெறுவது இங்கேதான். ‘வலுவான கலவை வாங்கினால் மெல்லிய தகடு போதும்’ என்று நினைக்கிறார்கள். காலடியில் தகடு எவ்வளவு வளைகிறது என்பதற்கும் கலவைக்கும் ஏறக்குறைய எந்தச் சம்பந்தமும் இல்லை. அலுமினியக் கலவைகள் எல்லாவற்றுக்கும் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 70 கிகாபாஸ்கல். எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு. விலை உயர்ந்த கலவையை வாங்கினாலும் அதே அளவுதான் வளையும். வளைந்தது மீண்டும் நேராகுமா, பள்ளமாகவே நின்றுவிடுமா என்பதில்தான் கலவை வேலை செய்கிறது.

வளைவைக் குறைப்பவை இரண்டு: தடிமன், சட்டங்களுக்கு இடையிலுள்ள தூரம். இரண்டுமே மும்மடிக் கணக்கில் வேலை செய்கின்றன. இரண்டு சட்டங்களுக்கு மேல் கிடக்கும் ஒரு பட்டையின் நடுவில் ஆள் நிற்பதாக வைத்துக்கொண்டால், 3 மி.மீக்குப் பதில் 2 மி.மீ போடும்போது அதன் வளைவு ஏறக்குறைய 3.4 மடங்காகிவிடும். அதே நேரத்தில் சட்டங்களின் இடைவெளியை 40 செ.மீயிலிருந்து 30 செ.மீயாகக் குறைத்தால் வளைவு பாதிக்கும் கீழே போய்விடும். அதாவது ஒரு சட்டம் கூடுதலாகப் போடுவது, தகட்டைத் தடிமனாக்குவதை விட மலிவு. 40 × 40 × 3 மி.மீ ஆங்கிள் ஒரு மீட்டருக்கு சுமார் 620 கிராம்தான்.

நடைமுறைக்கு என் அளவுகோல் இது. 3 மி.மீ, அதாவது பட்டறைக் கணக்கில் ஏறக்குறைய ஒரு நூல் தகடு என்றால், சட்டங்கள் 30 முதல் 40 செ.மீ இடைவெளியில். 2 மி.மீ தகடு என்றால் 25 செ.மீக்கு மேல் போகாதீர்கள். 1.5 மி.மீக்கும் மெல்லிய தகடு ஆள் நிற்கும் தளத்துக்கு வேண்டாம், பக்க மூடிக்கும் சாமான் பெட்டிக்கும் வைத்துக்கொள்ளலாம். 4 மி.மீ, 5 மி.மீ எல்லாம் இந்த அளவுப் படகுக்குத் தேவையற்ற கனம்.

தகட்டின் ஓரத்தை 25 மி.மீ கீழ்நோக்கி மடக்கினால் அந்த ஓரம் தானே ஒரு சட்டமாகிவிடும். மடக்கும் இயந்திரம் உள்ள பட்டறையிலேயே தகட்டை வாங்கினால் ஒரே போக்கில் முடித்துவிடலாம்.

சந்தேகம் இருந்தால், வாங்கும் இடத்திலேயே இரண்டு மரக்கட்டைகளை உங்கள் இடைவெளிக்கு வைத்து, தகட்டை மேலே போட்டு, ஏறி நில்லுங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

5. ரிவெட்டா, வெல்டிங்கா?

கலவையைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை முடிவு செய்ய வேண்டும். வெல்டிங் என்றால் என்ன கலவை என்று உறுதியாகத் தெரிந்த உலோகம் மட்டுமே ஆகும். கலவைக்கேற்ற நிரப்புக் கம்பி வேண்டும், அலுமினியத்தில் கை பழகிய ஆள் வேண்டும். மேலும் 6061-டி6 போன்ற வெப்பத்தால் வலுவூட்டிய கலவையை வெல்டிங் செய்தால், பற்றவைத்த இடத்துக்கு அருகே வலு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ரிவெட்டோ போல்ட்டோ போட்டால் இந்தக் கவலைகள் இல்லை. தகடு ஒரு கலவை, ஆங்கிள் வேறு கலவை என்று கிடைத்ததைச் சேர்க்கலாம். துரு தாங்கும் குணம் சரியாக இருந்தால் போதும். குறைந்த செலவு குறிக்கோள் என்றால் ரிவெட் பக்கம் போங்கள். தேடும் வட்டம் அதனாலேயே பல மடங்கு பெரிதாகிவிடும்.

6. எந்தக் கலவை ஆகும், எது ஆகாது?

அலுமினியக் கலவைகளை நான்கு இலக்க எண்ணால் குறிப்பார்கள். அதில் முதல் இலக்கம்தான் குடும்பப் பெயர். எண்ணுக்குப் பின்னால் வரும் எச்32, டி6 போன்றவை ‘டெம்பர்’, அதாவது உலோகத்தை எப்படிக் கடினமாக்கினார்கள் என்பதன் குறி. அதைப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

தகட்டுக்கு முதல் தேர்வு 5052-எச்32. இதில் சுமார் 2.5 சதவீதம் மக்னீசியம் இருக்கிறது. உப்புத் தண்ணீரைத் தாங்கும், விரிசல் விடாமல் மடங்கும், எங்கும் புழங்கும் கலவை என்பதால் மிச்சத் துண்டாகவும் கிடைக்கும். 5083, 5086 இரண்டும் மக்னீசியம் கூடுதலாக உள்ள, கப்பல் கட்டும் பட்டறைகளில் புழங்கும் தகடுகள். தளத்துக்கு இவை அவசியத்துக்கு மேல். ஆனால் அந்தப் பட்டறை மிச்சம் மலிவாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

ஆங்கிள், சேனல், சதுரக் குழாய் எல்லாம் பெரும்பாலும் 6000 குடும்பம். 6061-டி6, 6082-டி6 இரண்டும் தாங்கு சட்டத்துக்கு அருமை. 6063 அவற்றை விட மென்மையானது, ஜன்னல் சட்டங்களில் வருவது. சுவர் தடிமன் 3 மி.மீ இருந்தால் இடைவெளியைக் குறைத்துப் பயன்படுத்தலாம். ஜன்னலிலிருந்து கழற்றிய மெல்லிய குழாய்கள் ஓரப்பட்டைக்கு மட்டும்.

6061-டி6 தகடு தளமாக நன்றாகவே நிற்கும். ஆனால் கூர்மையாக மடக்கினால் விரிசல் விடும். 5052-எச்32 தகட்டை அதன் தடிமன் அளவு உள்வளைவு ஆரத்திலேயே மடக்கிவிடலாம், 6061-டி6க்கு அதைப் போல மூன்று மடங்காவது வேண்டும். உங்கள் வரைபடத்தில் மடிப்பு இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

3003 மலிவான தகடு, மாங்கனீசு கலந்தது. நன்னீரில் ஓடும் படகுக்குப் போதும். ஆனால் மென்மையானது, கனமான பெட்டியின் மூலை விழுந்தால் பள்ளம் நிற்கும். இதற்குத் தாங்கு சட்டங்களை இன்னும் நெருக்கமாக வையுங்கள். கால் வழுக்காத புடைப்பு வடிவத் தகடுகள் பலவும் இந்தக் கலவையில் வருகின்றன. அவற்றை வாங்கும்போது புடைப்பின் மேல் அளக்காமல் சமதளத்தில் தடிமனை அளந்து பாருங்கள்.

ஒதுக்க வேண்டியவை 2000 குடும்பமும் 7000 குடும்பமும். விமானப் பாகங்களிலிருந்து வரும் 2024, 7075 தகடுகள் வலுவில் கில்லாடிகள். ஒன்றில் செம்பும், மற்றதில் துத்தநாகத்தோடு செம்பும் இருப்பதால் ஈரத்தில் அரித்துப் பொடியாகும். ‘விமானத் தரம்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அது உங்கள் படகுக்கு வேண்டாம் என்பதற்கான அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

7. எல்லா விலையையும் கிலோவுக்கு மாற்றுங்கள்

ஒரு கடையில் ஷீட் கணக்கு, இன்னொன்றில் சதுர அடிக் கணக்கு, பழைய சாமான் கடையில் எடைக் கணக்கு. ஒப்பிட ஒரே வழி கிலோ.

கணக்கு எளிது. 1 சதுர மீட்டர் பரப்பு, 1 மி.மீ தடிமன் என்றால் 2.7 கிலோ. 1220 × 2440 மி.மீ முழு ஷீட் ஏறக்குறைய 3 சதுர மீட்டர். எனவே 2 மி.மீ ஷீட் சுமார் 16 கிலோ, 3 மி.மீ ஷீட் சுமார் 24 கிலோ. 12 மி.மீ ஒட்டுப்பலகை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ வரும், 3 மி.மீ அலுமினியம் 8 கிலோ. அலுமினியம் போட்டால் படகு லேசாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கவும். பலகை தண்ணீர் குடித்துக் கனக்கும், தகடு குடிக்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வாங்கும் தகட்டின் மொத்த விலையோடு வெட்டுக்கூலி, வண்டி வாடகை இரண்டையும் சேர்த்து, உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் கிலோவால் வகுங்கள். 24 கிலோ ஷீட் வாங்கி 11 கிலோவைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், கிலோ விலை கூடுதலாக இருக்கும் துண்டுத் தகடே மலிவு. மீதியை எடுத்துக்கொள்ள இன்னொரு படகுக்காரர் தயாராக இருந்தால் கணக்கு தலைகீழாகும். இருவர் சேர்ந்து முழு ஷீட் வாங்குவதைப் போன்ற நல்ல பேரம் வேறில்லை.

தடிமனை ‘கேஜ்’ எண்ணில் ஒருபோதும் பேசாதீர்கள். அலுமினியத்துக்கான அமெரிக்க முறையில் 16 கேஜ் என்பது 1.29 மி.மீ, எஃகுத் தகட்டு முறையில் 1.52 மி.மீ, பிரிட்டிஷ் கம்பி அளவு முறையில் 1.63 மி.மீ. மூன்றையும் மூன்று பேர் ‘பதினாறு’ என்றுதான் சொல்வார்கள். மில்லிமீட்டரில் கேளுங்கள், வெர்னியர் வைத்துப் பாருங்கள்.

8. எங்கே தேடுவது, எந்த வரிசையில்?

முதலில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். லாரி, பஸ் கூண்டு கட்டுபவர்கள், டிரெய்லர் செய்பவர்கள், படகு கட்டுபவர்கள், லேசர் அல்லது நீர்த்தாரையால் தகடு வெட்டுபவர்கள். இவர்களிடம் என்ன கலவை என்று தெரிந்த துண்டுகள் கிடக்கும், வெட்டும் இயந்திரமும் அங்கேயே இருக்கும். அவர்களுக்கு அந்தத் துண்டு இடத்தை அடைக்கும் தொல்லை, பழைய சாமான்காரருக்குப் போட்டால் கிடைக்கும் விலையை விடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போதும். உங்கள் அட்டை வடிவங்களைக் காட்டி, ‘இதே கலவையில் அடுத்த வேலை வரும்போது ஷீட்டின் ஓரத்தில் எனக்கும் வெட்டித் தர முடியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். காத்திருக்க முடிந்தவர்களுக்கு இதுதான் மிகச் சிறந்த வழி.

அடுத்து, உலோக மொத்த விற்பனையாளர்களின் துண்டு அடுக்கு. வாடிக்கையாளருக்கு வெட்டியது போக மிஞ்சியவை அங்கே தனியாக நிற்கும். கீறல் விழுந்த, மூலை மடங்கிய, ஈரத்தில் அடுக்கியதால் வெண்கறை படிந்த ஷீட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அலங்கார வேலைக்கு உதவாத அந்தத் தகடுகள் தளத்துக்குத் தாராளமாக ஆகும்.

மூன்றாவது, பெயர்ப்பலகை செய்பவர்கள். சாலைக் குறியீட்டுப் பலகைகள் பல இடங்களில் 5052 அல்லது 6061 தகட்டில், 2 முதல் 3 மி.மீ தடிமனில் வருகின்றன. தவறாக அச்சான பலகையும் பழைய பலகையும் நல்ல சரக்கு. ஒட்டியிருக்கும் ஒளிரும் படலத்தை உரிக்க வெப்பக்காற்றும் பொறுமையும் வேண்டும். பலகையில் ஏற்கெனவே ஓட்டைகள் இருக்கும், அவை எங்கே விழுகின்றன என்று அட்டையை வைத்துப் பாருங்கள். சாலையில் நின்ற பலகை அரசுச் சொத்து. முறைப்படி கழித்து விற்றது என்பதற்கு ரசீது இல்லாமல் தொடவே கூடாது.

நான்காவதாகத்தான் காயலான் கடை. விலை குறைவு, வேலை அதிகம். எல்லாக் கடைகளும் பொதுமக்களுக்குச் சில்லறையாக விற்பதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். உடைந்த அலுமினியப் படகு, டிரெய்லர் பக்கச் சுவர், லாரி டூல் பாக்ஸ், தொழிற்சாலை நடைபாதைத் தகடு ஆகியவற்றைத் தேடலாம். டிரெய்லரின் பக்கச் சுவர் பெரும்பாலும் மெல்லியது, பார்க்கப் பெரிதாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். சில கடைகளில் கலவையைக் காட்டும் கைத்துப்பாக்கி போன்ற எக்ஸ்ரே கருவி இருக்கும். மரியாதையாகக் கேட்டால் உங்கள் தகட்டில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள்.

எங்கே கேட்டாலும் ‘அலுமினியத் தகடு இருக்கா?’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ‘5052, 5083, 5086, எதுவானாலும் சரி. 2.5லிருந்து 3 மில்லி. ஒரு பக்கம் 60 சென்டிமீட்டர், மறுபக்கம் 120 குறையக் கூடாது. இரண்டு துண்டு. கீறல் இருந்தால் பரவாயில்லை’ என்று சொல்லுங்கள். என்ன வேண்டும், எதில் வளைந்து கொடுப்பீர்கள் இரண்டும் ஒரே மூச்சில் தெரிந்துவிட்டால், கடைக்காரர் தானே போய்த் தேடுவார்.

9. பழைய தகட்டைச் சோதிக்கும் முறை

முதலில் அச்சிட்ட எழுத்தைத் தேடுங்கள். புதுத் தகட்டில் கலவை எண், டெம்பர், தடிமன் வரிசையாக அச்சாகியிருக்கும். வெட்டிய துண்டில் பாதி எண் மட்டும் இருந்தாலும் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

காந்தம் ஒட்டக் கூடாது. ஒட்டாததெல்லாம் அலுமினியம் என்றும் எண்ணாதீர்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் பல வகைகளிலும் ஒட்டாது. எடை காட்டிக்கொடுத்துவிடும்.

நிறுத்துப் பாருங்கள். பரப்பு, தடிமன் அளந்து 2.7 கணக்கில் வரும் எடையையும் தராசு காட்டுவதையும் ஒப்பிடுங்கள். கட்டடங்களின் முகப்பில் ஒட்டும் கலப்புப் பலகை இரண்டு மெல்லிய அலுமினியத் தோல்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது. 4 மி.மீ பலகை ஒரு சதுர மீட்டருக்கு ஐந்தரை கிலோதான் இருக்கும், கெட்டி அலுமினியம் என்றால் 10.8 கிலோ. ஓரத்தை அரத்தால் இழைத்தால் நடுவில் உள்ள பிளாஸ்டிக் தெரிந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இதை வாங்கித் தளம் போடுபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

செம்பு கலந்த கலவையா என்று சந்தேகமிருந்தால் காஸ்டிக் சோடா சோதனை உண்டு. 100 மி.லி தண்ணீரில் 10 கிராம் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கண்ணாடிக் கிண்ணம் அல்லது பிளாஸ்டிக் கிண்ணம், கையுறை, கண் கவசம், திறந்த வெளி இவையெல்லாம் கட்டாயம். தகட்டின் ஒரு மூலையை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து ஒரு சொட்டு வைத்துச் சில நிமிடம் விடுங்கள். 5000 குடும்பம் வெள்ளையாகவே இருக்கும். கன்னங்கரேலென்று கறுத்தால் செம்பு அதிகம், அதை விட்டுவிடுங்கள். பிறகு நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். இது கலவை எண்ணைச் சொல்லாது, ஆகாததைக் கழித்துக்கட்ட மட்டும் உதவும்.

அரிப்பையும் பாருங்கள். வெள்ளைப் பொடியைத் துடைத்துவிட்டு நகத்தை ஓட்டினால் வழவழப்பாக இருந்தால் அது வெறும் கறை. குழிகளாக இருந்தால் ஆழத்தை அளந்து, தடிமனில் கால்வாசிக்கு மேல் போயிருந்தால் ஒதுக்குங்கள். பழைய போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள்.

10. வாங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டியது

நேர்வெட்டுகளைக் கடையின் கத்தரி இயந்திரத்திலேயே வெட்டி வாங்குங்கள். வண்டியில் ஏற்றுவதும் எளிது, ஓரமும் நேராக வரும். வளைவுகளை வீட்டில் ஜிக்ஸா கொண்டு, அலுமினியத்துக்கான பிளேடு போட்டு, மெழுகு தடவி வெட்டிக்கொள்ளலாம். இரும்புக்கான அரைக்கும் சக்கரத்தால் அலுமினியத்தை அரைக்காதீர்கள். மென்மையான உலோகம் சக்கரத்தின் துளைகளை அடைத்து, சக்கரம் சூடேறி உடையக்கூடும். அந்தச் சக்கரத்தில் ஒட்டிய இரும்புத் துகள்கள் தகட்டில் பதிந்து பின்னால் துருப்புள்ளிகளாகவும் எழும்.

தகட்டின் மேல் பாதுகாப்புப் படலம் இருந்தால் வெட்டி, துளையிட்டு முடிக்கும்வரை விட்டுவையுங்கள். ஆனால் தகட்டை வெயிலில் போட்டுவைக்காதீர்கள். வெந்து ஒட்டிக்கொண்ட படலத்தை உரிப்பது தனி வேலையாகிவிடும்.

11. மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும் சின்னச் சாமான்கள்

தகட்டில் மிச்சம் பிடித்தவர்கள் ரிவெட்டிலும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். நடு ஆணியைக் கருவியால் இழுத்து இறுக்கும் பாப் ரிவெட்டில் மலிவானதன் உடல் அலுமினியமாக இருக்கும், நடு ஆணி சாதா இரும்பாக இருக்கும். அந்த ஆணியின் மிச்சம் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும், அதைச் சுற்றி அலுமினியம் அரிக்கும். உடலும் ஆணியும் அலுமினியமாக உள்ளதை, அல்லது ஆணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஆணியில் காந்தம் வைத்தாலே சாதா இரும்பு தெரிந்துவிடும். 4.8 மி.மீ ரிவெட்டுக்கு 4.9 அல்லது 5 மி.மீ துளை. நீளத்தை, சேரும் இரண்டு உலோகத்தின் மொத்தத் தடிமனைச் சொல்லி வாங்குங்கள்.

கழற்றி மாட்ட வேண்டிய இடத்தில் 316 ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாம். தலைக்குக் கீழே நைலான் வாஷரும், மரைக்கு மின்தொடர்பைத் துண்டிக்கும் பசையும் வேண்டும். பித்தளை, செம்பு வேண்டவே வேண்டாம். ஈரத்தில் செம்போடு சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான்.

தாங்கு சட்டத்துக்கு மரம் வைப்பவர்கள், செம்பு கலந்த பாதுகாப்பு மருந்து ஏற்றிய மரத்தைத் தவிருங்கள். பச்சை நிறம் தட்டிய அந்த மரம் ஈரமானதும் அதன்மேல் கிடக்கும் தகட்டைக் குழி குழியாகத் தின்னும். தகட்டின்மேல் கம்பளம் ஒட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. உப்பும் ஈரமும் அடியில் தங்கிக் காற்றுப் படாமல் அரிக்கும். வழுக்காதிருக்க மணல் கலந்த பெயிண்டோ, துண்டு துண்டாக ஒட்டும் சொரசொரப்பு நாடாவோ போதும். அடர்நிறம் பூசினால் வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாது.

12. பொருத்தும் வரிசை

முதலில் சட்டங்கள். படகின் பக்கவாட்டு வங்குகளிலும் (சுவரை உள்ளிருந்து தாங்கும் விலாச் சட்டங்கள்) இருக்கை விளிம்புகளிலும் பிடியுங்கள், அடித்தகட்டில் துளையிடாதீர்கள். மட்டம் பார்த்து, தகடுகளை ரிவெட் இல்லாமல் சும்மா உட்கார வைத்து நடந்து பாருங்கள். சத்தம் வரும் இடத்தில் சட்டம் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம், அங்கே மெல்லிய நைலான் துண்டு கொடுங்கள்.

துண்டுகளுக்கிடையிலும் சுவர் ஓரத்திலும் 3 மி.மீ இடைவெளி விடுங்கள். 2.4 மீட்டர் அலுமினியம் 40 டிகிரி செல்சியஸ் வெப்ப மாற்றத்தில் 2 மி.மீக்கு மேல் நீளும். இடம் விடாவிட்டால் நடுவில் புடைத்துக்கொண்டு மேலெழும். ஓரங்களின் பிசிறை அரத்தால் நீக்கி, மூலைகளை வட்டமாக்குங்கள்.

ரிவெட் அடிப்பதை ஒரு மூலையிலிருந்து வரிசையாகத் தொடங்காமல், நடுவிலிருந்து இரு பக்கமும் மாற்றி மாற்றி அடித்துப் போங்கள். தகட்டின் தொய்வு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். துளையிட்டபோது விழுந்த சுருள்களை, கழற்றக்கூடிய துண்டை மூடுவதற்கு முன் ஒன்றுவிடாமல் கூட்டி எடுத்துவிடுங்கள். அவை போய் அடைவது தண்ணீர் வெளியேற்றும் பம்பின் வாயில்தான்.